இடது காலில் ஒரு கூழாங்கல்

என் வாழ்க்கையில் நான் மிகக் கவனமாகத் தயாரான காரியம் எதுவென்று கேட்டால், தொண்ணூறுகளின் நடுவில் லடாக் மலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்ததைத்தான் சொல்வேன். நான் அப்போது மலேசியாவில், மலாக்கா மாநிலத்து ஜாசினில் ஓர் அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். கடல் மட்டத்துக்குச் சற்று மேலே வாழ்ந்து, கடல் மட்டத்திலேயே வேலை பார்த்தவன். மலாக்காவில் குன்று என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும். அவற்றில் ஒன்றில் முதுகுப்பையோடு தினமும் மாலையில் ஏறி இறங்கிப் பழகினேன்.

கூட வந்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். மலாக்காவிலேயே உள்ள சிம்பாங் அம்பாட்டில் அவருக்குக் கோழி வியாபாரம். குளிருக்குப் பழக வேறு வழி தெரியாததால், அவருடைய குளிர் அறையில் உரித்த கோழிகளுக்கு நடுவே இருவரும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றோம். மச்சான் சிறிது நேரத்தில் வெளியேறி வெயிலில் நின்றுகொண்டு, "போதும் லா மச்சான், மலையில கோழி இருக்காது," என்றார்.

இந்தப் பயணத்தை நடத்தியவர்கள் மணாலியில் மோட்டார் சைக்கிள் கொடுப்பார்கள். முன்னால் ஒரு வழிகாட்டி போவார். பின்னால் ஒரு லாரி வரும். முடியாதவர்களை லாரியில் ஏற்றிக்கொள்வார்கள், அவர்களுடைய வண்டியையும்தான். அறிவிப்புத் தாளில் இதை ஒரு வசதியாகப் போட்டிருந்தார்கள். நான் படித்த முதல் நாளே முடிவு செய்தது, என்ன ஆனாலும் அந்த லாரியில் ஏறக்கூடாது என்பதைத்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. நான் எஸ்டேட் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டில் பிறந்தவன். எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு, திருவிழாவுக்கு, சாவு வீட்டுக்கு, எங்கே கொண்டுபோனாலும் தோட்டத்து லாரியின் பின்னால் நிற்கவைத்துத்தான் கொண்டுபோனார்கள். அதே லாரி மறுநாள் உர மூட்டை ஏற்றும். வேலை கிடைத்ததும் நான் வாங்கிய முதல் பொருள் ஒரு காப்சாய். அந்தச் சின்ன மோட்டார் சைக்கிளை வாங்கிய பிறகு நான் எந்த லாரியிலும் ஏறியதில்லை.

இது என் மனைவிக்குத் தெரியும். புறப்படுவதற்கு முன் அவள் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்.

"இங்க பாருங்க, லாரில குந்திக்கிட்டு மலை ஏறணும்னா, நம்ம எஸ்டேட்டுல எண்ணெ ஆலைக்குச் செம்பனக் குலை ஏத்துற லாரி இருக்கு. அதுல போயிட்டு சாயங்காலமே வந்துருங்க. இவ்ளோ தூரம் போவாதீங்க."

கம்பளிக் காலுறை, மாத்திரை, பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதங்கள் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். அங்கே கொடுக்கும் வண்டியில் கியர் எந்தக் காலில் இருக்கும் என்பதை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. இருபது வருடமாக என் இடது கால் கியர் போட்டது, வலது கால் பிரேக் போட்டது. உலகம் அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

மணாலியில் கொடுத்த கனத்த வண்டியில் எல்லாம் நேர்மாறு. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். வழிகாட்டி மலைநாட்டுக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். எங்கள் முகத்தைப் பார்த்து இந்தியில் ஆரம்பித்தார். நாங்கள் விழித்ததும், எங்கள் இந்தியத் தன்மையில் சந்தேகம் வந்தவராக, உடைந்த ஆங்கிலத்துக்கு மாறினார். விதி எளிமையானது: மூன்று முறை விழுந்தவர் லாரியில் ஏற வேண்டும். உயரத்தில் விழுகிறவனுக்குத் தலை சுற்றுகிறது என்று அர்த்தமாம். எங்களுக்குத் தலை சுற்றவில்லை, கால்தான் சுற்றுகிறது என்பதை அவருக்குப் புரியவைக்க எங்களால் முடியவில்லை.

முதல் வளைவிலேயே கியர் மாற்றுவதாக நினைத்து இடது காலை மிதித்தேன். பின்சக்கரம் இறுகிப் பூட்டிக்கொண்டது. சேற்றில் விழுந்தேன். வழிகாட்டி ஒரு விரலைக் காட்டினார். அடுத்த நாள் பாதையின் குறுக்கே ஓடிய ஒரு நீரோடைக்கு முன் நிற்பதற்காக வலது காலை மிதித்தேன். வண்டி மேல் கியருக்கு மாறி, என்னை மரியாதையாக ஓடைக்குள் அழைத்துப் போனது. இரண்டு விரல்.

மச்சான் என்னை முந்திவிட்டார். அன்று மதியத்துக்குள் அவருடைய மூன்று விரலும் முடிந்தது. அவர் வருந்துவார் என்று எதிர்பார்த்தேன். லாரியின் முன்சீட்டில் ஓட்டுநர் பக்கத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தவர், சன்னல் வழியே தலையை நீட்டினார்.

"மச்சான், உள்ள ஹீட்டர் இருக்கு லா! டீ வேற குடுக்குறான். நீங்களும் இன்னொரு தடவ வுழுந்துட்டு வாங்களேன்."

"மாட்டேன்," என்றேன்.

"வீம்பு புடிச்ச மனுசன். தங்கச்சிக்கு நான் சொல்ல மாட்டேன், வாங்க."

"நீங்க சொல்ல வேணாம். நான் வீட்டுக்குள்ள போனாலே அவளுக்குத் தெரிஞ்சிரும்."

மறுநாள்தான் எல்லாவற்றிலும் உயரமான கணவாய். ஐயாயிரம் மீட்டருக்கு மேல் என்றார்கள். இன்னொரு முறை விழுந்தால் எனக்கும் லாரிதான். மாலையில் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து, ஓடையில் நனைந்த காலணியைக் கழற்றிக் கவிழ்த்தேன். இடது காலணியிலிருந்து ஒரு சின்னக் கூழாங்கல் விழுந்தது. ஓடையைத் தாண்டியதிலிருந்து அந்தக் காலை ஊன்றும்போதெல்லாம் குத்தியதும், அதனால் அந்தக் காலை நான் அநாவசியமாக மிதிக்காமல் இருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கல்லைத் திரும்பக் காலணிக்குள் போட்டேன். போட்டு நடந்து பார்த்தேன். சற்றுக் கூர்மையான வேறொன்றைத் தேடி எடுத்து அதற்குப் பதிலாக வைத்தேன்.

"என்ன மச்சான் செய்றீங்க?" என்று மச்சான் கேட்டார். சொன்னேன். "ஆணி வச்ச பாதக் கொறடு போட்டுக் காவடி தூக்குறவனாச்சும் கோயிலத்தான் சுத்துறான். நீங்க யாருக்கு லா வேண்டிக்கிட்டீங்க?"

மறுநாள் காலையில் கணவாய் ஏறினேன். வலிக்கிற கால் நிறுத்தும், வலிக்காத கால் ஓட்டும். இதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் என்ன காட்சி இருந்தது என்று பிறகு பலர் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான மைல் போய் நான் பார்த்தது முன்னால் போன வழிகாட்டியின் பின்சக்கரத்தை. காற்று குறைந்து வண்டி இருமியது. நானும் இருமினேன். பின்னால் லாரி, பொறுமையாக, சாவு வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தக்காரரைப் போல ஒரே இடைவெளியில் வந்துகொண்டிருந்தது.

உச்சியில் கற்குவியலும் வண்ணக்கொடிகளும் இருந்தன. இடது காலை மிதித்தேன். உயிர் போகிற மாதிரி வலித்தது. வண்டி நின்றது. வழிகாட்டி திரும்பிப் பார்த்து, சிரித்து, இரண்டு விரலையே காட்டினார்.

மச்சான் லாரியிலிருந்து இறங்கி வந்தார். நான் ஓரமாக உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, என் வண்டியில் ஏறி, கையை உயர்த்தி, ஓட்டுநரிடம் கேமராவைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு என்னைத் தானே எடுத்தார். கழுவிய படங்களில் அவர் மாவீரனைப் போல இருந்தார். என் படத்தில் பாதிக்கு அவருடைய விரல். சிம்பாங் அம்பாட்டில் இன்றைக்கும் அந்தக் கணவாயை மோட்டார் சைக்கிளில் தாண்டியவர் கோழிக்கடைக்காரர்தான். கூடத் துணைக்குப் போனவன் நான். பரவாயில்லை. நான் லாரியில் ஏறவில்லை என்பது எனக்குத் தெரியும், வீட்டில் என் மனைவிக்கும் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவள் சாப்பாடு போட்டாள்.

ஊருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வெண்டைக்காய் வாங்கி வரச் சொன்னாள். காப்சாயை எடுத்துக்கொண்டு ஜாசின் பாசாருக்கு, காய்கறிச் சந்தைக்குப் போனேன். டீக்கடையில் இருந்த ஒருவர் கையை ஆட்டினார்.

"அண்ணே, ஹிமாலயாவெல்லாம் ஏறி எறங்கிட்டீங்களாம்லே!"

பெருமையோடு தலையசைத்தேன். அந்த நேரம் பார்த்து பக்கத்துப் பஸ் நிலையத்திலிருந்து ஒரு பஸ் வெளியே வந்தது. நிற்பதற்காக இடது காலை மிதித்தேன். கல் இல்லை, வலி இல்லை, பிரேக்கும் இல்லை. காப்சாய் மேல் கியருக்கு மாறி, பஸ்ஸை விட்டு விலகி, அடுக்கியிருந்த தக்காளிக் கூடைகளுக்குள் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முழங்கால் வீங்கிவிட்டது, முன்சக்கரம் வளைந்துவிட்டது. கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரி அங்கே நின்றுகொண்டிருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் நான்கு பேர் என் வண்டியையும் என்னையும் தூக்கிப் பின்னால் ஏற்றிவிட்டார்கள். கோஸ் மூட்டைகளைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லாத் தெருக்களின் வழியாகவும், எல்லாரும் பார்க்க, வீடு வந்து சேர்ந்தேன்.

மனைவி வாசலில் நின்றாள். லாரியைப் பார்த்தாள், பிறகு மேலே என்னைப் பார்த்தாள்.

"மலையில ரெண்டு தடவதான் விழுந்தேன்," என்றேன்.

"சரி, எறங்குங்க," என்று கையை நீட்டினாள். "வெண்டக்கா வாங்குனீங்களா, இல்லியா?"