எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு பேரரசு

அன்று, நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருக்கும் ரோவிலில், எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள் என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். எதியோப்பியாவின் தெற்கே, ஒரோமோ மக்களுள் பிறந்தவள். வேலை இடைவேளையில் ஊரில் எங்கள் வீட்டு வளவுக்குள் ஆமிக்காரர் முகாம் போட்டதையும், அப்பா முட்கம்பிக்கு வெளியே நின்று தன் வீட்டைப் பார்த்ததையும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் ஊரைப் பற்றி அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

என் கணவருக்குச் சரித்திரத்தில் பித்து. இடியப்பத்தைப் பிசைந்தபடியே அவளுடைய நாட்டைப் புகழத் தொடங்கினார். வெள்ளைக்காரப் படையையே தோற்கடித்த பேரரசாம். சோழர் கடல் கடந்து கடாரத்தைப் பிடித்த மாதிரி, அதன் சக்கரவர்த்தியும் நாலா பக்கமும் எல்லையை விரித்தாராம்.

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "வெள்ளைக்காரரைத் தோற்கடித்த அந்தத் துப்பாக்கிகளால் முதலில் எங்களைத்தான் சுட்டுப் பார்த்தார்கள்" என்றாள், ஆங்கிலத்தில், தாழ்ந்த குரலில்.

வடக்கு மலைகளிலிருந்து வந்த அந்தச் சக்கரவர்த்தியின் படை அவர்களுடைய குன்றுகளில் கோட்டை கட்டிக்கொண்டதாம். நிலத்தைச் சிப்பாய்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நிலத்தோடு குடும்பங்களையும் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்கள் சிப்பாய்க்கு உழுது, மா அரைத்து, விறகு சுமக்க வேண்டும். அவளுடைய தகப்பன் காலத்தில்கூடப் பள்ளிக்கூடத்தில் சொந்த மொழி பேசினால் அடி விழுந்ததாம்.

அது இராச்சியம் கட்டிய காலம், எல்லா அரசர்களும் அப்படித்தான் என்றார் கணவர். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "இவையளுக்குத் தங்கட பெருமை தெரியேல்லை."

அவளுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இடியப்பத்துக்கு இன்னும் கொஞ்சம் சொதி விடட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

காரில் கொண்டுபோய் விடும்போது, அவர் அப்படித்தான், மனதில் வைக்காதே என்றேன்.

"நான் அவரை நினைக்கவில்லை" என்றாள். "நீ ஏன் பேசாமல் இருந்தாய்?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். "எங்கட வளவைப் பற்றி ஒராள் இப்பிடிக் கதைச்சா விடுவியளோ?"

"அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். இதை அவள் இருக்கும்போதே கேட்டிருக்கலாம். அவள் போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

சில வாரங்கள் கழித்து, பக்கத்து நகரான டண்டினோங்கில் ஒரு மண்டபத்தில் அவளுடைய ஆட்கள் தங்கள் இறந்தவர்களை நினைவுகூர்ந்தார்கள். வரலாமா என்று நானே கேட்டுப் போனேன். மொழி விளங்காமல் கடைசி வரிசையில் இருந்தேன். ஒரு முதியவர் வந்து, என்னைக் காட்டி, இது யார் என்று அவளிடம் ஆங்கிலத்தில் விசாரித்தார்.

"என்னோடு வேலை செய்பவர்" என்றாள்.

சிநேகிதி என்று சொல்வாள் என எதிர்பார்த்திருந்தேன். அந்த எதிர்பார்ப்பை நினைக்க இன்னும் கூசுகிறது.