ஹார்பர் லைனில் ஒரு ஸ்காட்லாந்து ராஜா

நாற்பது வயதுக்கு மேல் எனக்கு எம்.ஏ. சரித்திரம் படிக்கும் ஆசை வந்தது. தபால் வழிப் படிப்புதான். வீட்டிலும் ஆபீசிலும் நேரம் கிடைக்காது. செம்பூரில் லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில் ஏறினால் கடைசி ஸ்டேஷனான சி.எஸ்.டி. வரை புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே படிப்பேன்.

மான்கூர்டில் ஏறி வரும் அக்கா ஒருவர் எனக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைப்பார். மேலப்பாளையத்துக்காரர், சீத்தா கேம்ப்பில் வீடு. மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கிப் பர்தா தைக்கும் கடைக்குப் போவார். என்னைவிடப் பெரியவர்தான், ஆனால் கூப்பிடுவது "மாமி" என்று.

"தெனமும் என்னத்த முனங்குதீங்க மாமி? சத்தமாச் சொல்லுங்க, நானும் கேக்கேன்."

அன்று என் மடியில் இருந்தவன் அறுநூறு வருஷத்துக்கு முந்திய ஸ்காட்லாந்து ராஜா. சிறுவனாக இருந்தபோதே அவன் அண்ணன் சித்தப்பாவின் காவலில் செத்துப்போனான். இவனாவது பிழைக்கட்டும் என்று அப்பா பிரான்சுக்குக் கப்பல் ஏற்றினார். நடுக்கடலில் கொள்ளைக்காரர்கள் பிடித்து இங்கிலாந்து ராஜாவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். சேதி கேட்ட அப்பாவும் போய்ச் சேர்ந்தார். பையன் பதினெட்டு வருஷம் சிறையில். நாட்டைச் சித்தப்பா ஆண்டார்.

"அந்த சாச்சா ஏன் இவன மீட்டுக் கூட்டிட்டு வரல?"

"வந்தா சிம்மாசனத்தைக் கொடுக்கணுமே."

"எங்க குடும்பத்துலயும் உண்டு, இப்படி ஒரு சாச்சா."

எதிரே பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மராட்டிப் பெண் என்ன கதை என்று கேட்டார். அக்கா முழுவதையும் இந்தியில் சொன்னார், என்னைவிட நன்றாக.

அதன்பின் தினமும் கொஞ்சம் சொன்னேன். சிறை ஜன்னல் வழியாகத் தோட்டத்தில் பார்த்த பெண்ணையே கட்டிக்கொண்டு ராஜா ஊர் திரும்பிய அன்று, எங்கள் மூலையில் கல்யாண வீட்டுக் களை. ஏழைகளுக்காக வாதாட வக்கீல் வைக்கச் சட்டம் போட்டான் என்றதும் அக்கா தலையாட்டினார். இறந்துபோன சித்தப்பாவின் மகனையும் பேரன்களையும் தலை வெட்டச் சொன்னான் என்றதும் முகம் மாறியது.

"அவாளும் அட்டகாசம் பண்ணிண்டிருந்தான்னு போட்டிருக்கு அக்கா."

"இருக்கட்டும். ஜெயில்ல கெடந்தவன், இவனுக்குல்லா தெரியணும்."

கடைசிப் பகுதியை ஒரு வெள்ளிக்கிழமை சொன்னேன். ராஜா தங்கியிருந்த மடத்துக்குள் கொலைகாரர்கள் நுழைந்தார்கள். கதவின் தாழ்ப்பாளை யாரோ முன்பே கழற்றியிருந்தார்கள். ராணியின் தோழி ஒருத்தி அந்த இடத்தில் தன் கையைச் செருகிக் கதவைப் பிடித்தாளாம். கை ஒடிந்தது. அதற்குள் ராஜா தரைப் பலகையைப் பெயர்த்துச் சாக்கடைக்குள் இறங்கிவிட்டான். ஆனால் அது வெளியே போகும் வழியைச் சில நாள் முன்பு அவனே அடைக்கச் சொல்லியிருந்தான். விளையாடும்போது பந்துகள் அதற்குள் போய்விடுகின்றனவாம். அங்கேயே குத்திக் கொன்றார்கள்.

மஸ்ஜித் வந்து போனது. அக்கா எழுந்திருக்கவில்லை. என்னோடு சி.எஸ்.டி.யில் இறங்கி, பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு கேட்டார்.

"அந்தப் பொண்ணு கை என்னாச்சு?"

"புஸ்தகத்துல இல்லை அக்கா."

"ராஜாவப் பத்தி இம்புட்டு எழுதுனவுகளுக்கு அது தோணலியாக்கும்."

சொல்லிவிட்டு, திரும்பிப் போகும் வண்டியில் ஏறினார்.

பரீட்சையில் அந்த ராஜாவின் ஆட்சி பற்றியே கேள்வி வந்தது. சட்டங்களையும் வரிகளையும் எழுதுவதற்கு முன்பு அந்தத் தோழியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். எப்படியோ பாஸானேன்.

அடுத்த வருஷம் அக்காவின் கடை இந்த லைனிலேயே இல்லாத பிவண்டிக்கு மாறியது. கடைசி நாளில் ஒரு டப்பாவைத் திறந்து, வில்லை போட்ட வெள்ளை இனிப்பை நீட்டினார்.

"கடல்பாசி மாமி. முட்ட கிட்ட எதுவும் இல்ல, தேங்காப்பால்தான். பயப்படாமத் தின்னுங்க."

மராட்டிப் பெண்ணும் சேர்ந்து மூன்று பேரும் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டோம். காட்டன் கிரீன் தாண்டியதும் வழக்கம்போல உப்புக்காற்று அடித்தது. அக்கா மஸ்ஜித்தில் இறங்கிக் கூட்டத்தோடு போனார். கை காட்டவில்லை. எந்த நாளும் அப்படித்தான் போவார்.