பதிலுக்கு இறங்கும் வேலுசாமி

திருச்செங்கோட்டுப் பக்கம் கார் வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேருடைய போனில் வேலுசாமியின் நம்பர் இருக்கும். அவன் ஆக்டிங் டிரைவர். வழக்கமான டிரைவர் லீவு போட்டால், ஓனருக்குக் கண் ஆபரேஷன் ஆனால், குடும்பத்தோடு பழனிக்குப் போகவேண்டி வந்தால் அவனைக் கூப்பிடுவார்கள். அவன் ஓட்டாத வண்டியில்லை. அவனுக்கென்று ஒரு வண்டியும் இல்லை. அதில் அவனுக்கு ஒரு குறையும் கிடையாது. "வண்டி அவிங்களுது, ரோடு கவருமெண்டுது, சன்னல் காத்து மட்டும் நம்மளுதுங்க" என்று சிரிப்பான். நாற்பது வயதில் இப்படிச் சிரிக்க வாய்த்தவனை நாம் என்ன சொல்வது, கொடுத்து வைத்தவன் என்பதைத் தவிர.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவனுக்கு மனசு அடித்துக்கொள்ளும். புதுவலசு கிரிக்கெட் டீமில் பல வருஷமாக அவன் பன்னிரண்டாவது ஆள். பதினொருவரில் ஒருவனாக, ஒரே ஒரு மேட்சாவது இறங்கிவிட வேண்டும் என்று ஆசை. அவனை ஏன் சேர்க்கவில்லை என்று யாரும் கேட்க முடியாது. பேட்டைக் கொடுத்தால் விளக்குமாறு மாதிரிப் பிடிப்பான். பந்து போடச் சொன்னால் அம்பயர் தலைக்கு ஆபத்து. ஆனால் ஃபீல்டிங்கில் அவன் வேறு ஆள். உயரப் போன பந்துக்குக் கீழே வேலுசாமி நிற்கிறான் என்றால், அடித்தவன் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்போதே நடையைக் கட்டலாம்.

கேப்டன் சந்திரசேகர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்கு உதிரிபாகம் விற்கிறவர். வியாபாரி மூளை சும்மா இருக்குமா? ஒரு வழி கண்டுபிடித்தார். டீமின் வேகப்பந்து வீச்சாளன் குமாரசாமி, கனத்த உடம்புக்காரன். அவனுடைய ஓவர்கள் முடிந்த மறுநிமிஷம் அவனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். நொண்டிக்கொண்டே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மோர் குடிப்பான். அவனுக்குப் பதிலுக்கு வேலுசாமி உள்ளே வருவான். பேட்டிங் வரும்போது குமாரசாமியின் கால் எந்த வைத்தியமும் இல்லாமல் சரியாகிவிடும்.

இது நியாயமில்லை என்று வேலுசாமிக்கு நன்றாகவே தெரியும். எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே போகும்போது அவன் திரும்பிப் பார்ப்பான். மோர் டம்ளருக்கு மேலாகக் குமாரசாமி கண்ணடிப்பான். அந்தக் கண்ணடிப்பு வேலுசாமிக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனாலும் போவான். அந்தப் பொய்க்கால் இல்லையென்றால் அவனுக்கு மைதானமே இல்லையே.

இந்த வருஷம் வைகாசி டோர்னமென்ட் ஆரம்பிக்கும்போதே மேட்டுக்காடு டீம் கேப்டன் இளஞ்செழியன் கமிட்டிக்காரர்களிடம் மல்லுக்கு நின்றான்.

"பந்து போடறதுக்கு ஒருத்தன், ஓடிப் புடிக்கறதுக்கு ஒருத்தனா? அப்பறம் என்னத்துக்குங்க பதினோரு பேருன்னு கணக்கு? பேசாம ஊரையே எறக்கி உடச் சொல்லுங்க."

"காலு புடிச்சா மனுசன் என்னடா பண்ணுவான்?" என்றார் சந்திரசேகர்.

கமிட்டித் தலைவர் காளியண்ணன் கோழிப்பண்ணைக்காரர், சச்சரவு பிடிக்காதவர். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். "ஆருக்கு எங்க புடிச்சாலும் செரி, பதிலுக்கு எறங்கறவன் எதுத்த டீம் ஆளுதான். இஷ்டம்னா ஆடுங்க, இல்லீன்னா ஊட்டுக்குப் போங்க."

குமாரசாமியின் கால் அன்றோடு பூரண குணமடைந்தது. எதிரி ஆளை உள்ளே விட எவன் ஒப்புவான்? ஒவ்வொரு மேட்சிலும் கடைசி ஓவர்வரை வெயிலில் நின்று எல்லோரையும் திட்டித் தீர்த்தான். வேலுசாமி தண்ணி கேன் தூக்கினான். புதுவலசு எப்படியோ ஃபைனலுக்கு வந்துவிட்டது. ஃபைனலன்று காலையில் சந்திரசேகர் அவன் தோளில் கை போட்டார். "வேலு, இன்னிக்கு மட்டும் செயிச்சுட்டம்னு வெய்யி, அடுத்த டோர்னமென்டுல நீ பதினொண்ணுல ஒருத்தன். இது எம்பட வாக்கு." வேலுசாமி அன்றைக்கு இரண்டு தண்ணி கேனை ஒன்றாகத் தூக்கினான்.

மேட்டுக்காடு முதலில் ஆடி முடித்தது. புதுவலசு விரட்டிக்கொண்டிருந்தது. பாதியில் மேட்டுக்காட்டு ஆட்டக்காரன் அறிவு ஒரு பந்தைத் துரத்திப் போய் எலி வளையில் காலை விட்டான். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட, பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இளஞ்செழியனுக்கு ஓர் ஆள் குறைந்தது. சட்டம் அவனே கேட்டு வாங்கியது. புதுவலசு பக்கம் பதினொன்றில் சேராமல் சும்மா உட்கார்ந்திருந்தவன் ஒருத்தன்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாக, எவனைத் தடுக்கச் சட்டம் போட்டார்களோ அவனையே காளியண்ணன் கை காட்டினார்.

பேட்டோடு இறங்கக் காத்திருந்த சந்திரசேகர், வேலுசாமியின் காதோரம் குனிந்தார். "சும்மா போயி நில்லு. பந்து வந்தா வந்துட்டுப் போகுது. புரிஞ்சுதா?"

இளஞ்செழியன் மட்டும் ஏமாளியா? பந்து அதிகம் போகாத ஒரு மூலையில், தென்னைமரத்துக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தினான். மேட்டுக்காட்டுக்காரர்கள் ஒருத்தரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வேலுசாமிக்கு அதுகூட வருத்தமாக இல்லை. குமாரசாமியின் கண்ணடிப்பு இல்லாமல், நிஜமாகவே ஒருத்தனுக்கு அடிபட்டு, நிஜமான பதிலாக அவன் உள்ளே வந்திருக்கிறான். கால் தரையில் படுகிற சுகமே தனியாக இருந்தது.

கடைசிப் பந்து. நான்கு ரன் வேண்டும். சந்திரசேகர் சுற்றிப் பார்த்தார், தென்னைமரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டு ஓங்கித் தூக்கினார்.

பந்து கிளம்பியதுமே வேலுசாமிக்குத் தெரிந்துவிட்டது, இது கோட்டைத் தாண்டும். ஒரு அடி நகராமல் நின்றால் போதும், பதினொருவரில் அவனும் ஒருவன். வேண்டாம், உட்டுரு என்று மனசு சொன்னதும் உண்மை. அதற்குள் கால் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் எம்பி, ஒற்றைக் கையால் பந்தைப் பறித்துக்கொண்டு, உள்பக்கமாகவே விழுந்தான்.

மேட்டுக்காட்டுக்காரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். தங்கள் ஆள் இல்லையென்பது பாதி ஆட்டத்தில்தான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. புதுவலசு பக்கம் இழவு வீடு.

டீம் வந்த வேனை ஓட்டியவனும் வேலுசாமிதான். தோற்றவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு, தோற்கடித்தவன் வண்டி ஓட்டுகிற காட்சியை யோசித்துப் பாருங்கள். பாதி வழியில் பக்கத்து சீட்டிலிருந்து சந்திரசேகர் சொன்னார்.

"நீ நிக்கறங்காட்டித்தான்டா அங்க அடிச்சேன்."

"தெரியுமுங்ணா."

"தெரிஞ்சுமா புடிச்ச?"

வேலுசாமி கியரை மாற்றினான். "இத்தன வருசமா பொய்யிக் காலச் சொல்லி உள்ள போயிப் புடிச்சங்ணா. அதுல ஒண்ணையாச்சும் ஊட்ல போயி நெஞ்ச நிமித்திச் சொல்ல முடியுமுங்களா? இன்னிக்கிப் புடிச்சது ஒண்ணுதானுங்ணா ஞாயமாப் புடிச்சது. அதையும் உடச் சொல்றீங்க."

பின்சீட்டில் குமாரசாமி தூங்குவது மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டான்.

வீட்டில் அவன் மனைவி சரிதா, "செயிச்சீங்களா மாமா?" என்று கேட்டாள். "நாஞ் செயிச்சேன், நம்ம டீம் தோத்துருச்சு" என்றான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மனுஷன் அன்றைக்கு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டதைக் கவனித்தாள்.

இரண்டு மாதம் சந்திரசேகரிடமிருந்து பேச்சில்லை. ஆடியில் அடுத்த டோர்னமென்ட் வந்தபோது திடீரென்று போன் வந்தது.

"ஞாயித்துக்கெழம மேட்ச்சு."

"வேன் எடுத்துட்டு வரட்டுங்களா?"

"வேன அவன் கொமாரசாமி ஓட்டுவான். நீ பதினொண்ணுல ஆடறே. அந்த எளஞ்செழியன் எங்கிட்டயே வந்து, வேலுவ எங்களுக்குக் குடுத்துருங்கன்னு கேக்கறான்டா. குடுத்துருவனா நானு?"

நல்ல மனசினால் செய்தாரா, பொறாமையினால் செய்தாரா என்று நாம் ஏன் கிண்ட வேண்டும்? வேலுசாமி கிண்டவில்லை. அன்றைக்கு ஃபீல்டிங்கில் பறந்து பறந்து பிடித்தான். வினை பேட்டிங்கில் வந்தது. ஒன்பதாவது விக்கெட் விழுந்து, ரன் இன்னும் பாக்கியிருக்க, அவன் கையில் பேட்டைக் கொடுத்தார்கள். அவன் சந்திரசேகரைப் பார்த்தான்.

"ஏனுங்ணா, எனக்குப் பதிலா ஆராச்சும் போகட்டுங்களே."

"ஃபீல்டிங்குக்குத்தான்டா பதில் ஆளு. பேட் புடிக்கப் பதில் ஆளு ஒலகத்துல எங்கயும் கெடையாது. உன்ற எடத்துக்கு நீதான் போவோணும்" என்றார் சந்திரசேகர்.

வேலுசாமிக்குப் பயம் பயமாகத்தான் இருந்தது, அதற்கும் மேலே சொல்லி மாளாத சந்தோஷமாக இருந்தது. "செரிங்ணா" என்று சொல்லிவிட்டு, பேட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, கோட்டைத் தாண்டி உள்ளே போனான்.