நான் பாத்திரம் கழுவிய மதியம்

துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையில் பகல் ஷிப்டுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். சமையல்காரர், குசினியில் அவருக்கு உதவியாக ஒருவர், பரிமாற இரண்டு பேர், பாத்திரம் கழுவ கிண்ணியாவிலிருந்து வரும் ஓர் அக்கா. இவ்வளவுதான் எங்கள் ஆட்கள்.

முதல் மாதம் நான் நல்ல பொறுப்பாளராக இருக்கவில்லை. யாராவது கொஞ்சம் தாமதித்தால் அந்த வேலையைப் பறித்து நானே செய்துவிடுவேன். பரிமாறுகிறவர்களில் மூத்தவர் ஒருநாள் நேராகவே கேட்டார்.

"எல்லாத்தையும் நீங்களே செய்யிறதெண்டால் எங்களை என்னத்துக்கு வச்சிருக்கிறீங்கள்?"

கோபம் வந்தது. ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தபோது அவர் கேட்டது சரியென்றே பட்டது. மறுநாளிலிருந்து கடை திறக்குமுன் பத்து நிமிடம் எல்லோரும் தேத்தண்ணியோடு இருந்து கதைத்தோம். நான் கேள்வி கேட்பதோடு நிறுத்திக்கொண்டேன். அப்படி ஒரு காலையில்தான், ஊரில் கலியாண வீடுகளுக்குத் தான் சமைக்கப் போவதுண்டு என்று அந்த அக்கா சொன்னார்.

பிறகு ஒரு சனிக்கிழமை. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும் நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு சொல்லியிருந்தார்கள். பதினொரு மணியளவில் கொதியெண்ணெய் சமையல்காரரின் வலது கையில் கொட்டிவிட்டது. கையைத் தண்ணீரில் பிடிக்க வைத்து, பரிமாறுகிற இளையவரோடு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சோறும் மரக்கறிகளும் ஆகியிருந்தன. குழம்புக்கான பாரை மீனும் பொரிப்பதற்கான இறாலும் வெட்டியபடியே கிடந்தன.

முதலாளிக்குப் போன் எடுத்தேன். "பஸ்ஸை வேற கடைக்கு அனுப்புவம் பிள்ளை. இது ஏலாது" என்றார்.

"பத்து நிமிசம் தாங்கோ ஐயா."

கழுவுதொட்டியடிக்குப் போனேன். "அக்கா, நாப்பது பேருக்கு மீன்குழம்பு வைப்பீங்களோ?"

கையெல்லாம் நுரையோடு நிமிர்ந்து பார்த்தார். "நானா? சமையல்காரர் என்ன சொல்லுவாரோ?"

"அவரிட்ட நான் சொல்லுறன். உங்களுக்கு ஏலுமோ?"

மீனைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். "ஏலும். ஆனா என்ட முறையிலதான் வைப்பன். பக்கத்தில நிண்டு ஆரும் ஒண்டும் சொல்லப்படாது."

"ஓம் அக்கா."

பஸ்ஸை வேறெங்கும் அனுப்ப வேண்டாமென்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, இறால் பொரியல் மட்டும் இல்லையென்று பஸ்ஸில் வருகிறவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்தேன். குசினி உதவியாளரை அக்காவோடு விட்டேன். சாப்பாட்டு மண்டபத்தை முழுதாக மூத்தவரிடம் ஒப்படைத்தேன். ஆளில்லாமல் மிஞ்சியது கழுவுதொட்டிதான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அங்கே நின்றேன்.

குழம்பு கொதிக்கும் வாசம் வந்தபோது உப்புப் பார்க்க வேண்டும்போல் கால் பரபரத்தது. போகவில்லை. ஒரு மேசையில் யாரோ சத்தமாக முறைப்பட்டது கேட்டது. ஈரக் கையோடு வாசல்வரை வந்துவிட்டேன். மூத்தவர் என்னைக் கண்டு, தான் பார்ப்பதாகக் கையைக் காட்டினார். திரும்பிப் போய்த் தட்டுகளைத் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த மேசையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

நாற்பது பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். குழம்புச் சட்டியில் கரண்டி போட எதுவும் மிஞ்சவில்லை. போகும்போது ஒரு அம்மா, சமைத்தவரைப் பார்க்க வேண்டுமென்று நின்றார். அக்காவைக் கூப்பிட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்தவரின் இரண்டு கைகளையும் அந்த அம்மா பிடித்துக்கொண்டார். 

அன்று பின்னேரமே முதலாளியிடம் சொன்னேன்: "அந்த அக்கா இனிக் குசினியில நிக்க வேணும் ஐயா." அவர் மறுக்கவில்லை.

கை ஆறி வந்த சமையல்காரர் என்ன சொல்வாரோ என்றுதான் பயம். அவர் அக்கா வைத்த குழம்பை ஒரு வாய் சோற்றோடு சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு கேட்டார்: "புளியை எப்ப விட்டனீங்கள்?"

"அதைச் சொல்லமாட்டன்" என்றார் அக்கா. குசினியே சிரித்தது.