ஒரு விரல் உயரம்

"இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது" என்று உதட்டுக்குள் எண்ணி முடித்த பிறகுதான் கையிலிருக்கும் கண்ணாடிக் குடுவையை இவர் கீழே வைப்பார். குடுவைக்குள் இருப்பது வினிகர். மேலே தொங்கும் அளவுக்கோடு போட்ட குழாயிலிருந்து அதில் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். எந்தச் சொட்டில் வெளிறிய ரோஜா நிறம் வந்து முப்பது நொடி கலையாமல் நிற்கிறதோ, அந்தச் சொட்டோடு குழாயை மூடிவிட வேண்டும். எவ்வளவு செலவானது என்று பார்த்துக் கணக்குப் போட்டால் வினிகரில் எவ்வளவு அமிலம் என்று தெரிந்துவிடும். இரண்டு முறை பார்த்தால் போதும் என்பது வினிகர் கம்பெனி விதி. இவர் நாலு முறை பார்ப்பார்.

கம்பெனியில் இவருக்குப் பெயரே 'நாலு சார்'தான். அதற்குக் காரணம் இந்த நாலு முறை அல்ல. நூறு மில்லி வினிகரில் நாலு கிராம் அமிலம் இருந்தாக வேண்டும். மூன்று புள்ளி ஒன்பது என்று வந்துவிட்டால் முதலாளியே தலைகீழாக நின்றாலும் இவரிடம் கையெழுத்து வாங்க முடியாது.

"ஒரு புள்ளிதானே சார், யாரு நாக்குக்குத் தெரியப் போகுது?" என்பார் மேனேஜர்.

"நாக்குக்குத் தெரியாது சார். ஊறப்போட்ட காய்க்குத் தெரியும். ஒரே வாரத்துல பூசணம் பூத்து, பாட்டிலத் தூக்கிட்டு நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க."

பாட்டிலுக்கு மூடி போடும் பெண்கள் இவரை விட்டுவைப்பதில்லை. "பொண்ணு பாக்கப் போனப்பவும் நாலு தடவ உத்து உத்துப் பாத்திருப்பாரு. பயந்து ஓடியிருக்கும் பாவம்" என்று இவர் காதுபடவே சொல்வார்கள். ஐம்பத்துமூன்று வயது பிரம்மச்சாரியும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார். கிண்டலுக்குக் கோபிக்கிற ஆள் இல்லை. சட்டையை எத்தனை முறை சோப்புப் போட்டு அலசினாலும் புளித்த வாடை போகாது. பஸ்ஸில் இவருக்குப் பக்கத்து சீட்டு பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அதில் சாப்பாட்டுப் பையை உட்கார வைத்துக்கொண்டு வருவார்.

வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை', உப்பு ஜாடியில் 'உப்பு', எண்ணெய்ப் பாட்டிலில் 'எண்ணெய்', எல்லாம் கொட்டை எழுத்தில், தேதியோடு. தண்ணீர் ஜாடியில்கூட 'தண்ணீர்' என்று ஒரு சீட்டு. அடுத்த வீட்டு அம்மாள் ஒருநாள், "அக்காவுக்கு மட்டுந்தான் இன்னும் பேரு எழுதி ஒட்டல போல" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்காதான் முதலில் சிரித்தாள். சத்தமே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

இவரைவிட ஏழு வயது மூத்தவள். புருஷன் இறந்ததும் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். முன்பெல்லாம் அக்கா சமையலறையில் பேசினால் தெருமுனைக் கடைக்காரர் பதில் சொல்வார், அப்படி ஒரு குரல். ஆறு வருடமாக அது வெறும் காற்றாகத்தான் வருகிறது. எதையும் மென்று விழுங்க முடியாது. எல்லாவற்றையும் அரைத்து, வடிகட்டி, ஒரு தம்ளரை அரைமணி நேரம் வைத்துக் குடிக்கிறாள்.

வினிகர் கம்பெனிக்காரர்கள் யாரும் கடையில் வினிகர் வாங்குவதில்லை. அமிலம் நீல டிரம்மில் தண்ணீர் கலக்காமல் கெட்டியாக வந்து இறங்கும். குளிர்ந்த காலைகளில் டிரம்முக்குள்ளேயே பனிக்கட்டி போல உறைந்து நிற்கும் அளவுக்குக் கெட்டி. வெளியே எடுக்கக் கூடாது என்று பலகையில் எழுதியிருந்தாலும், காலி வினிகர்ப் பாட்டிலில் அதை ஒரு விரல் உயரத்துக்கு ஊற்றிக்கொண்டு போவார்கள். வீட்டில் கழுத்துவரை தண்ணீர் விட்டால் ஒரு பாட்டில் வினிகர் தயார். எல்லோரும் செய்தார்கள், இவரும் செய்தார். வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேரே குழாயடிக்குப் போய்த் தண்ணீர் விட்டு நிரப்பிவிட்டுத்தான் மறுவேலை.

ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள் செருப்பைக் கழற்றும்போதே போன் வந்துவிட்டது. ஒரு தொட்டிக்கு மூன்று புள்ளி ஒன்பது, லாரி காத்திருக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள். பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு ஓடினார். பாழாய்ப்போன அந்த ஒரு புள்ளிக்காக ஓடினார்.

அக்கா வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அலமாரியில் வழக்கமான பாட்டில், வழக்கமான லேபிள். அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மிச்சம். அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. பழைய வினிகராச்சே, புளிப்புப் போய்விட்டதா என்று ஒரு கரண்டியில் ஊற்றி வாயில் விட்டுப் பார்த்தாள். மூன்று நாள் சளி. மூக்கு அடைத்திருந்ததால் நெடி தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா ஒரு தாளில் ஒரே பதிலை எழுதிக் காட்டினாள். 'பாத்ரூம் கழுவ வாங்கினது. நான்தான் பாட்டிலை மாற்றி எடுத்துவிட்டேன்.' வீட்டில் மாற்றி எடுக்க இரண்டாவது பாட்டில் ஏது? கம்பெனியிலிருந்து பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவர்களும் அந்தத் தாளைத்தான் படித்தார்கள். யாரும் இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவரும் வாய் திறக்கவில்லை.

புண் ஆறிய இடத்தில் உணவுக்குழாய் சுருங்கிக்கொண்டே வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு விரிக்கவேண்டும். விடுப்புச் சொல்லி, ஆட்டோ பிடித்து, சீட்டுப் போட்டு எல்லாம் இவர்தான் செய்வார். அந்த அறைக் கதவுவரை கூட்டிக்கொண்டு போவார். அதற்குப் பிறகு ஆளைக் காணமுடியாது.

போன வாரம் அக்கா, "இந்தத் தடவ வரலடா" என்றாள்.

"வராட்டி மூடிக்கும்க்கா. பால்கூட எறங்காதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"மூடிக்கட்டும். போதும்."

சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். அவள் மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள். அக்கா சும்மா சொல்கிறவள் இல்லை. பட்டினியாகச் செத்துப் போய்விடுவாளே என்ற பயத்தில், ஆறு வருடம் நெஞ்சில் கிடந்தது தானாக வெளியே வந்துவிட்டது.

"அக்கா, ஒரே பாட்டில்தான் இருந்துச்சு. ஊத்தி வச்சது நான். தண்ணி விடாமப் போயிட்டேன்."

"தெரியும்டா. வேற யாரு ஊத்துவா, அடுத்த வீட்டுக்காரனா?"

"அப்புறம் ஏன் அப்படி எழுதிக் குடுத்த?"

"ஒன் வேலை போயிருக்கும். எனக்குத் தொண்டையும் போயி, ஒனக்கு வேலையும் போயி, ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துட்டு ஒக்காந்திருக்கிறதா?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்குக் கோவம் அதுல இல்ல."

"பின்ன எதுல?"

"குழாய் விடுறப்ப எனக்குன்னு உள்ள ஒரு ஆளு இல்லடா. நர்ஸம்மா கையத்தான் புடிச்சுக்கறேன். நீ வெளிய போயி டீ குடிக்கிற."

"டீ குடிக்கலக்கா."

"வேற என்ன பண்ற?"

"ஸ்கூட்டர் விடுற ஷெட்டுக்குப் பின்னாடி நின்னு அழுவேன்."

அக்கா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "கிறுக்கா" என்றாள். "அங்க போயி எதுக்கு அழுவுற? உள்ள வந்து அழு."

வியாழக்கிழமை காலை இரண்டு பேரும் உள்ளே போனார்கள். "சொந்தக்காரங்கல்லாம் வெளிய நில்லுங்க" என்று நர்ஸ் விரட்டினாள். இவர் அசையவில்லை. "நான் தம்பி" என்றார். டாக்டர் ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கட்டும் விடும்மா. மயங்கி கியங்கி விழுந்துறாதீங்க சார், ஒங்களத் தூக்க இங்க ஆள் இல்ல."

அக்காவை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்தார்கள். பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டினார்கள். இனி அவளால் பேச முடியாது. கட்டில் ஓரமாக, அவள் முகத்துக்கு நேரே இவர் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

டாக்டர் கறுப்புக் குழாயை எடுத்து அதன் நுனியில் பசை மருந்தைத் தடவினார். நுனி வளையத்துக்கருகே வந்தது. அக்கா குழாயைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள். நர்ஸ் பிடித்திருந்த வலது கையை வெடுக்கென்று உருவினாள். அது இவர் தோளைத் தடவி, கன்னத்தைத் தடவி மேலே வந்து, இரண்டு கண்ணையும் இறுக்கப் பொத்திக்கொண்டது.