வெள்ளைக் கிரகத்தின் விதிகள்

மரக்காணத்தில் ஐப்பசி பிறந்துவிட்டால் காகிதம் காகிதமாக இருக்காது. உப்புக் காற்றையும் மழை ஈரத்தையும் குடித்துவிட்டு நமுத்த அப்பளம்போலத் தொய்ந்து கிடக்கும். கலர் பென்சிலை வைத்தால் நிறம் ஒட்டாமல் வழுக்கும், கொஞ்சம் அழுத்தினால் பொத்துக்கொள்ளும். அதனால் தேன்மொழியும் நானும் நோட்டுத் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, என் அம்மா சப்பாத்தி சுட்டு இறக்கிவைத்த ‘தவா’வின் மிச்சச் சூட்டில் காயவைத்துத்தான் படம் வரைவோம். தாளின் ஓரங்கள் பழுப்பேறி லேசான கருகல் வாசனை வரும். எங்கள் விளையாட்டுப் புத்தகம் முழுவதும் அந்த வாசனைதான் அடித்தது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. தேன்மொழி என் வகுப்புத் தோழி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள். மழை இறங்கிப் பாத்திகளில் தண்ணீர் நின்றுவிட்டால் அவர்களுக்கு வேலை ஓய்ந்துவிடும், அவளுக்கும் தம்பியைத் தூக்கிக்கொண்டு அலைகிற வேலை இருக்காது. ஆகவே மழைக்காலம் முழுவதும் அவள் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில்தான் கிடப்பாள். அவள் எதைப் பார்த்தாலும் வரைந்துவிடுவாள். எனக்கு வரைய வராது, கதை கட்ட வரும்.

எங்கள் முஸ்லிம் வீடுகளில் அப்பாவை ‘அத்தா’ என்போம். அத்தா அந்த வருஷம்தான் வளைகுடாவுக்குப் போயிருந்தார். கடையில் டிரைவர் வேலை என்று சொல்லி அழைத்துப் போனார்கள். முதல் வாரம் நகரத்தில் ஓர் அறையில் தங்கவைத்திருந்தபோது, முன்பு அங்கே இருந்த யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு சுருக்குப் பை பரண்மேல் கிடந்திருக்கிறது. ஊர் திரும்பிய ஒருவரிடம் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு அதையும் கொடுத்தனுப்பினார். உள்ளே நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று நாங்கள் கண்டிராத பகடைகளும், அட்டை போய்விட்ட ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் சில பக்கங்களும் இருந்தன. அந்தப் பக்கங்களில் விண்வெளிக் கப்பல் ஒன்றின் படம் இருந்தது. பள்ளிக்கூட இங்கிலீஷை வைத்து நான் தட்டுத்தடுமாறிப் படித்ததில் ஒன்று மட்டும் புரிந்தது: இது தாயம்போலக் கட்டமும் காயும் வைத்து ஆடுகிற ஆட்டம் இல்லை. ஒருத்தி கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். செய்ய முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

மிச்சப் பக்கங்கள் இல்லாததால் மிச்ச விதிகளை நாங்களே உண்டாக்குவது என்று முடிவுசெய்தோம். விண்வெளிக் கப்பல் ஒன்று வழிதவறிப்போய் இறங்குகிற ஒரு கிரகம் வேண்டும். உப்புக் குவியல்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது வெள்ளையாகத்தான் தோன்றியது. அதற்கு ‘வெள்ளைக் கிரகம்’ என்று பெயர் வைத்தோம். ஆனால் அங்கே என்ன இருக்கும், யார் இருப்பார்கள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குக் கதை வரவில்லை. அதனால் அத்தாவைக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து சற்று நேரத்தில் அவருடைய போன் வரும். அம்மாவிடம் நலம் விசாரித்துவிட்டு என்னிடம் பேசுவார். வெள்ளைக் கிரகத்தில் இறங்கினால் முதலில் என்ன நடக்கும் என்று கேட்டேன். அத்தா சிரித்தார்.

“இறங்கின உடனே நம்ம பேரு எழுதின தகட்ட வாங்கி இரும்புப் பெட்டியில வச்சிப் பூட்டிடுவாங்க நசீமா. அது கையில இல்லாம யாரும் கப்பல்ல ஏற முடியாது. அப்படி வச்சிக்கோ.”

அத்தாவுக்கு இவ்வளவு கற்பனை இருக்கிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதுவே எங்கள் முதல் விதி ஆயிற்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவரும் சொன்னார். அந்தக் கிரகத்தில் கல்லைத் தின்கிற மிருகம் ஒன்று பகல் முழுவதும் உறுமிக்கொண்டிருக்கும். அது துப்புகிற வெள்ளைத் தூசி இமைமேல் படிந்து கண்ணைத் திறக்க விடாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குப்பி தண்ணீர். பயணிகள் மொத்தம் பதினொரு பேர். அவர்களைக் காக்கிற காவலன் ஒருவன் உண்டு, அவனுக்கு எல்லா மொழியும் புரியும்.

தேன்மொழி இவற்றையெல்லாம் வரைந்தாள். கல் தின்னும் மிருகத்துக்குக் கண்ணே கிடையாது, அடுக்கடுக்காக வாய் மட்டும்தான். காவலனுக்கு உடம்பெல்லாம் காது; கையில், முழங்காலில், முதுகில். பின்னணியில் எங்கள் ஊர் உப்புக் குவியல்களையே வைத்தாள், மழைக்காகக் கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி வரிசையாக நிற்கிற குவியல்கள். பார்த்தால் கபருஸ்தான் சமாதிகள்போல இருக்கிறது என்று அம்மா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். வேறு நல்ல படமாக வரையக்கூடாதா என்றும் கேட்டாள். நாங்கள் கேட்கவில்லை. பதினொரு பயணிகளுக்கும் தீப்பெட்டி அளவில் அட்டை வெட்டி, முகம் வரைந்து, பலம் இத்தனை, தண்ணீர் இத்தனை, துணிச்சல் இத்தனை என்று நம்பர் போட்டோம். ஒவ்வொருவரும் எப்படி இருப்பார்கள் என்பதையும் அத்தாவே சொன்னார். ஒன்பதாவது ஆள் வயதானவர். இருமிக்கொண்டே இருப்பார், இருமல் நிற்கிற நேரத்தில் பாட்டுப் பாடுவார். தேன்மொழிக்கு அவரைத்தான் மிகவும் பிடித்தது. அவருக்கு மட்டும் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தாள்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, நான் கேட்பதற்கு முன்பே அத்தா விளையாட்டைப் பற்றிப் பேசினார். குரல் கம்மியிருந்தது.

“அந்த ஒன்பதாவது ஆள எடுத்துடும்மா.”

“ஏன்த்தா? அவருக்குத்தான் தண்ணி நெறைய குடுத்து வச்சிருக்கோம்.”

“அவரு இப்போ ஆட்டத்துல இல்ல.”

அதோடு போனை வைத்துவிட்டார். தேன்மொழியிடம் போய்ச் சொன்னேன். அட்டையைக் கிழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. வேண்டுமானால் தூங்க வைக்கிறேன் என்று சொல்லி, திறந்திருந்த அந்த இரண்டு கண்களின்மேலும் கறுப்புப் பேனாவால் ஒவ்வொரு கோடு போட்டாள்.

அன்று சாயங்காலம் மாடிப்படிக்கு அடியில் பெருக்க வந்த அம்மா அந்த அட்டையைக் கையில் எடுத்தாள். இந்த ஆள் ஏன் கண்ணை மூடியிருக்கிறார் என்று கேட்டாள். அத்தா சொன்னதைச் சொன்னேன். அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு எங்கள் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். பாடப் புத்தகம் படிக்கிறவள்போல விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். பெயர்த் தகடு, இரும்புப் பெட்டி, இரண்டு குப்பி தண்ணீர், எல்லா மொழியும் புரிகிற காவலன். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

“இதுல நீயா சேத்தது எது, அத்தா சொன்னது எது?”

கப்பல் மட்டும்தான் என்னுடையது என்றேன்.

மறுநாளே அத்தாவை அனுப்பிவைத்த ஏஜெண்டைப் பார்க்கத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினாள். அந்த ஆள், உங்கள் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார், பிள்ளைகள் கிறுக்கிய நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்களே என்று சிரித்து அனுப்பிவிட்டானாம். அடுத்த வெள்ளிக்கிழமை போனில் அம்மாவே கேட்டிருக்கலாம். ஆனால் அத்தா பேசுகிற இடத்தில் காது ஒன்று இருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆகவே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சில கேள்விகளை எழுதி என் கையில் கொடுத்தாள். எப்போதும்போலச் சிரித்துக்கொண்டே கேட்கவேண்டும், பயந்த குரல் வரக்கூடாது என்றாள். அதுவரை எனக்குப் பயம் இருக்கவில்லை. அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் வந்தது.

கிரகத்து வாசலில் பெயர்ப் பலகை உண்டா என்று கேட்டேன். போனுக்குள் அந்த மிருகம் தூரத்தில் உறுமுவது எனக்குக் கேட்டது. பிறகு அத்தா, “இருக்குது, எழுதிக்கோ” என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார், நோட்டில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் எந்த ஊர், எந்தச் சாலை, சாலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தாளில் இருந்தபடி கேட்டேன், எல்லாவற்றுக்கும் சொன்னார். நடுவில் ஓர் ஆண்குரல் அவரிடம் ஏதோ கேட்டது. “எம் பொண்ணுதாங்க, ஏதோ வெளையாட்டு வெளையாடறா” என்று அத்தா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மா என் தோளைப் பிடித்திருந்த விரல்கள் சதைக்குள் இறங்கின.

தாளில் இருந்த கேள்விகள் முடிந்துவிட்டன. அம்மா எழுதாத ஒன்றை நானாகக் கேட்டேன்.

“அத்தா, நீங்க எத்தனாவது ஆளு?”

“பத்தாவது” என்றார்.

அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் போன் வரவில்லை. நான் அட்டைகளைத் தொடவே இல்லை. ஒன்பதுக்கு அடுத்தது பத்து என்று தேன்மொழியிடம் சொன்னேன். அவள் பத்தாவது அட்டையை எடுத்து, முகத்தைப் பார்க்காமல், தன் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். தன்னிடம் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருக்கிறாள்.

அம்மா வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவள். அந்த மழையில் பர்தாவின் விளிம்பெல்லாம் சேறாக, மனு நாளான திங்கட்கிழமைதோறும் விழுப்புரம் கலெக்டர் ஆபீஸுக்குப் போனாள். முதல் தடவை மனு வாங்கியவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, இதையெல்லாம் ஆதாரமாக எடுக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை ஒரு பெண் அதிகாரி இருந்தார். நின்றபடியே ஒரு பக்கம் படித்தவர் பிறகு உட்கார்ந்து படித்தாராம். வாசல் பலகை எழுத்துகள் இருந்த பக்கத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டு, நோட்டையும் அட்டைகளையும் மனுவோடு சேர்த்துக் கட்டிவைக்கச் சொன்னார். எங்களைக் கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம் என்று நான் அம்மாவோடு சண்டை போட்டேன். அப்போதும் எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

அங்கிருந்து கடிதம் எந்தெந்த ஊர் போயிற்று, யார் யாரிடம் பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. மாசி பிறந்து, பாத்திகள் காய்ந்து, தேன்மொழியின் அம்மா மறுபடி உப்பு வாரப் போகத் தொடங்கிய பிறகு, வளைகுடா நாட்டு அதிகாரிகள் அந்தக் கல் உடைக்கிற இடத்துக்குப் போய் பத்துப் பேரையும் வெளியே கொண்டுவந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அத்தா ஒரு பிளாஸ்டிக் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். அவருடைய சட்டை அவருக்கே பெரிதாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீரை முழுவதுமாகக் குடித்தார், இன்னொரு சொம்பு கேட்டார். அங்கே நடந்ததைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஒரே ஒருநாள் தேன்மொழி வந்திருந்தபோது, அந்த ஒன்பதாவது ஆளை வரைந்தது நீதானா என்று கேட்டார்.

“அவரு நல்ல உயரம்மா. நெத்தியில ஒரு தழும்பு இருக்கும். கடைசி நாள்கூடப் பாடிக்கிட்டுத்தான் இருந்தாரு.”

அவர் சொல்லச் சொல்ல அவள் புதிதாக ஒரு படம் வரைந்தாள். கண்ணைத் திறந்தே வரைந்தாள். அத்தா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பாவாடையில் ஒளித்துக்கொண்டுபோன அட்டையைத் திருப்பித் தரவா என்று அவள் கேட்டதற்கு, உன்னிடமே இருக்கட்டும் என்றார்.

எங்கள் நோட்டு திரும்ப வரவில்லை. சில வருஷம் கழித்து அம்மா கேட்டுப் பார்த்தபோது அந்தக் கோப்பு இப்போது எங்கே என்று தெரியவில்லை என்றார்களாம். தேன்மொழி கல்யாணமாகிக் கிளியனூர் பக்கம் இருக்கிறாள். கையில் பென்சில் பிடித்து எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டால் சிரிக்கிறாள். அத்தா பஜாரில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார், தூசி தட்டுகிற வேலையை மட்டும் வேறு யாரையாவது செய்யச் சொல்வார். ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் குறையவில்லை. வெள்ளிக்கிழமை போனுக்காக இன்று யாரும் காத்திருப்பதில்லை. எந்நேரமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள்.

போன மாதம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் இனிப்பு கொண்டுவந்தாள். புருஷன் போய் நான்கு மாதம் ஆகிறது, தினமும் வீடியோவில் பேசுகிறார், ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் இளைத்திருக்கிறார், அவ்வளவுதான் என்றாள். அம்மா இனிப்பை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பேசும்போது அவருக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று கேட்டாள். சுவர் என்றாள் அந்தப் பெண். தினமுமா என்று அம்மா கேட்டாள். தினமும் அதே சுவர்தான் என்றாள்.

“பாஸ்போர்ட் அவரு கையிலதான் இருக்குதான்னு கேட்டியாம்மா?”

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்டாளா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவள் பஜாருக்குப் போகும்போது எங்கள் தெரு வழியாகப் போவதில்லை. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிவாசலைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.