பேச்சு வந்தால் பை திறக்கும்

தேன்கூடு எடுக்க வந்தவர், ஏணியில் கால் வைக்குமுன் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொள்கிறார். உள்ளே காலாவதியான பேருந்து அட்டை ஒன்று. தேனீ கொட்டினால் அதன் விளிம்பால்தான் கொடுக்கைச் சுரண்டித் தள்ளுவார்.

எதற்கு அட்டை என்று கேட்டேன். பதில் ஏணியைப் பிடித்திருந்த அவர் மனைவியிடமிருந்து வந்தது.

"தேனீ போயிடுங்க. விஷப்பை மட்டும் தோல்ல ஒட்டிக்கிட்டு உள்ள இறக்கிட்டே இருக்கும். சட்டுன்னு தள்ளிடணும். கிள்ளி எடுக்க இடம் தேடிட்டு நின்னா அவ்வளவுதான்."

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற மனிதர் அவர். எங்கள் நூலகத்து ஜன்னலுக்கு மேலே அண்டா அளவு தொங்கிய கூட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே சொல்: "எடுத்துடலாம்." வண்டி ஓட்டுவது, புகை போடுவது, ஊராரோடு பேசுவது எல்லாம் மனைவியின் பொறுப்பு.

பதினாறு வருஷமாக இதே வேலை. கொட்டு வாங்கி வாங்கி உடம்பு மரத்துப்போய்விட்டது என்று மார்தட்டிக்கொண்டிருந்தாராம். போன வருஷம் காது மடலில் ஒன்று, ஒன்றே ஒன்று, கொட்டியது. பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, ஏணியடியிலேயே சரிந்துவிட்டார். இத்தனை நாள் தாங்கிய உடம்பு இனிமேல் தாங்காது, அடுத்த கொட்டு உயிருக்கே உலை வைக்கலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து மனைவியின் இடுப்புப் பையில், தொடையில் குத்துகிற இரண்டு அவசர ஊசிகள்.

"வேற வேலை பாருங்கன்னா கேக்குற ஆளா?" என்ற மனைவி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கொட்டினா சொல்லவும் மாட்டாரு. ஆனா பயத்துல பேச ஆரம்பிச்சுடுவாரு. பேச்சு வந்துச்சுன்னா நான் பையைத் திறந்துடுவேன்."

நான் சிரித்துத் தொலைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு ஏறினார். ஜன்னல்களை எல்லாம் சாத்தினோம். ஒன்று கொட்டினால் அந்த வாசனைக்கே மற்றவை திரண்டு வரும் என்று மனைவி எங்களை உள்ளே விரட்டியிருந்தார். கண்ணாடியில் தேனீக்கள் சரளைக்கல் எறிந்ததுபோல் வந்து மோதின. முக்கால் மணி நேரம் ஆனது. கூடு சாக்குக்குள் போனது. அவர் இறங்கினார்.

நடைவழியில் முகமூடியைக் கழற்றினார். தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இங்க எத்தனை புஸ்தகம் இருக்கும்?"

மனிதர் பேசுகிறாரே என்று எனக்கு ஒரே குஷி. "இருபதாயிரம் தேறும்."

"அடேயப்பா! நான் முழுசா படிச்சது ஒண்ணுதாங்க. ஒரு கப்பல் கதை. அதுல ஒரு சமையல்காரன், சரியான கோழை..."

வாசலில் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. அப்போதுதான் கவனித்தேன், கதை சொல்லிக்கொண்டிருந்தவர் கையில் அந்தப் பேருந்து அட்டை.

மனைவி ஓடி வந்தார். "எங்கங்க?"

"கழுத்துல. ஒண்ணுதான். விடும்மா, கதையச் சொல்லிடுறேன்." குரல் கரகரத்தது. உதட்டோரம் தடித்திருந்தது.

நான் ஆம்புலன்ஸை அழைக்கத் தொலைபேசியை எடுத்தேன். மனைவி ஊசியின் மூடியைப் பல்லால் இழுத்தார்.

"புயல் வந்ததும் அந்தச் சமையல்காரன் என்ன பண்ணான் தெரியுமா..." என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, மனைவி பக்கமாகக் காலை நீட்டினார் அவர்.